கிழக்கு நடைக்கூடத்தில் இடமில்லை

எலையஸ் ஹார்ன்பெக் உயர்நிலைப்பள்ளி எங்கள் ஊரின் பெருமை. அப்படிச் சொல்லாதவர்கள் எங்கள் ஊரில் கிடையாது. சொல்லத் தயங்கினால் பக்கத்தில் இருப்பவர் முழங்கையால் இடித்துச் சொல்லவைப்பார். எஃகு ஆலை போயிற்று. கப்பல்துறை போயிற்று. ஐஸ் ஹாக்கி அணியைக்கூடப் பனியே விழாத ஏதோ தெற்கத்தி ஊர்க்காரன் வாங்கிக்கொண்டு போய்விட்டான். பள்ளி மட்டும் ஏரிக்கரையில், கரிபிடித்த செங்கல்லும் மணிக்கூண்டுமாக, யாராவது வந்து மன்னிப்புக் கேட்கட்டும் என்பதுபோல நின்றுகொண்டிருக்கிறது.

அதையும் மூடிவிடலாம் என்று கல்விக் குழு ஒருமுறை முடிவெடுத்தது. எங்களுக்கு வந்ததே கோபம். முன்னாள் மாணவர் சங்கம் கூட்டம் போட்டு, ஊர்வலம் போய், வெள்ளிக்கிழமைதோறும் மாதாகோயில் அடித்தளத்தில் மீன் பொரித்துக் காசு சேர்த்து, கட்டிடத்தை மாநிலத்தின் பாரம்பரியப் பட்டியலில் ஏற்றிவிட்டது. பட்டியலில் ஏறியதை யாரும் இடிக்கவும் முடியாது, விற்கவும் முடியாது. பதிலுக்கு ஒரே ஒரு நிபந்தனைதான்: பள்ளியின் வரலாற்றுக் குணம் மாறக்கூடாது.

குணம் என்றால் என்ன என்று கண்டுபிடிக்க ஒரு பாரம்பரியக் குழு போட்டார்கள். மிஸ் அகஸ்டா பெல்விட் அதற்குத் தலைவி. அவர் எழுபத்தொன்றாம் வருடத்து மாணவி. அதற்குப் பிறகு அவர் வாழ்க்கையில் வேறு ஏதாவது நடந்ததா என்று எங்களுக்குத் தெரியாது, அவரும் சொன்னதில்லை. குழு ஒரு குளிர்காலம் முழுக்க டார்ச் விளக்கோடு கட்டிடத்தைச் சுற்றிவந்தது. நீராவிக் குழாய் டொங் டொங் என்று அடித்துக்கொள்வது குணம். பெண்கள் கழிப்பறையில் தாழ்ப்பாள் விழாதது குணம். இரண்டாம் மாடி ஒழுகுவது மிக மிக முக்கியமான குணம், ஏனென்றால் அது முதல் உலகப் போருக்கு முன்பே ஒழுகத் தொடங்கிவிட்டது. அடைக்க வந்த ஆளை வாசலோடு திருப்பி அனுப்பினார்கள். பிள்ளைகள் குடை பிடித்துக்கொண்டு இயற்கணிதம் படித்தார்கள். கொஞ்ச நாளில் குடையும் குணத்தில் சேர்ந்துவிட்டது.

எல்லாவற்றுக்கும் மேலான குணம், கிழக்கு நடைக்கூடத்துச் சுவர்.

அங்கேதான் ஒவ்வொரு வருடமும் படித்து முடித்த வகுப்பின் படம் தொங்கும். பெரிய மரச்சட்டம், அதற்குள் முட்டை வடிவத்தில் வரிசை வரிசையாக முகங்கள், கீழே வருடம். பட்டமளிப்பு நாளில் வகுப்பு முழுக்க அங்கே வந்து நிற்கும்; தலைமையாசிரியர் வெல்வெட் துணியை இழுத்துப் படத்தைத் திறப்பார்; அதற்குப் பிறகுதான் பட்டத்தைக் கையில் கொடுப்பார்கள். படம் ஏறாமல் பட்டம் இல்லை. ஹார்ன்பெக்கில் படித்த எவனைக் கேட்டாலும் தன் படம் எந்த ஆணியில் தொங்குகிறது என்று சொல்லுவான். மனைவியின் பிறந்தநாளைக் கேட்டால்தான் யோசிப்பான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்து மூன்றிலிருந்து படம் ஏறி ஏறிச் சுவர் நிறைந்துபோயிற்று. புதிதாக ஆணி அடித்தால் குணம் கெடும், பட்டியலிலிருந்து பள்ளி விழும். அதனால் குழு ஒரு வழி சொன்னது. ஒரு வகுப்பில் கடைசி ஆளும் இறந்துவிட்டால், அந்தப் படம் மரியாதையோடு அடித்தளத்துக்கு இறங்கும். அதே ஆணியில் புதிய வகுப்பு ஏறும். வரிசை மட்டும் தப்பக்கூடாது, மூத்த வகுப்பு இறங்கிய பிறகே அடுத்தது. வரலாற்றில் ஓட்டை விழுந்தால் அடைக்க ஆள் கிடையாது என்றார் மிஸ் பெல்விட். கூரை விஷயத்தில் அடைக்க ஆள் வந்ததும் அந்த ஆளைத் திருப்பி அனுப்பியதும் அவருக்கு அப்போது நினைவில்லை.

சில வருடம் எல்லாம் ஒழுங்காக நடந்தது. நாற்பத்து மூன்று இறங்கியது. நாற்பத்து நான்கு இறங்கியது. நாற்பத்தைந்து கொஞ்சம் இழுத்துக்கொண்டிருந்து, மே மாதக் கடைசியில் எல்லோர் வயிற்றிலும் பால் வார்த்தது. நாற்பத்தாறு இறங்கவில்லை.

ரே டோம்கோ நகரசபையில் பனி வாரும் வண்டி ஓட்டுகிறவர். மனைவி டோனா கொஞ்சம் வெயில் பார்த்துவிட்டு வருகிறேன் என்று ஃப்ளோரிடாவுக்குப் போய் வருடக்கணக்காகிறது. வெயில் இன்னும் பார்த்து முடியவில்லை. இருப்பது ஒரே மகள், காரா. ரேயின் அப்பா அந்தச் சுவரில் இருக்கிறார். ரே இருக்கிறார், வாய் கொஞ்சம் திறந்தபடி. காரா ஏறவேண்டும். அவளுக்கு மாநிலத்தின் மறுகோடியில் ஒரு நர்ஸிங் கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. ஜூன் மாதம் பட்டம், ஆகஸ்டில் கல்லூரி என்று ரே பெட்டிகூட வாங்கி வைத்துவிட்டார்.

ஏப்ரலில் பெற்றோர் கூட்டம். தலைமையாசிரியர் டாக்டர் லயனல் ஃப்ராம்டன் மேடை ஏறினார். வைத்தியம் பார்க்கிற டாக்டர் இல்லை, கல்வியில் டாக்டர். வைத்தியராக இருந்திருந்தால் பின்னால் நடந்ததற்கு அவருக்கு இன்னும் வசதியாக இருந்திருக்கும்.

"அன்பான பெற்றோர்களே, பதற்றம் வேண்டாம். ஹார்ன்பெக் இதுவரை ஒரு மாணவரையும் கைவிட்டதில்லை. உங்கள் பிள்ளைகளையும் விடமாட்டோம். இந்த வருடம் மட்டுமல்ல, எத்தனை வருடம் ஆனாலும் விடமாட்டோம்."

கைதட்டல் எழுந்தது. ரேயும் தட்டினார். பாதி தட்டும்போதுதான் அவருக்கு என்னவோ உறுத்தி, எழுந்து நின்றார்.

"டாக்டர், எனக்கு ஒண்ணும் புரியல. என் பொண்ணு பாஸா, ஃபெயிலா?"

"இரண்டும் இல்லை, மிஸ்டர் டோம்கோ. அவள் தொடர்கிறாள்."

"எதுவரைக்கும்?"

"வரலாறு வழிவிடும்வரை," என்றார் டாக்டர் ஃப்ராம்டன். அதைச் சொல்லும்போது மிஸ் பெல்விட்டின் கண்கள் கலங்கின.

நாற்பத்தாறாம் வருடத்து வகுப்பில் ஒரே ஒருத்தி உயிரோடு இருந்தாள். மிஸஸ் ஓட்டிலி க்ரான், தொண்ணூற்றேழு வயது, ஏரிக்கரை முதியோர் இல்லம். அந்த ஜூனில் அவளுக்குத் தும்மல்கூட வரவில்லை. நர்ஸிங் கல்லூரி ஒரு வருடம் பொறுத்துக்கொள்வதாகவும், அடுத்த ஜூனுக்குள் பட்டம் வராவிட்டால் இடம் வேறு ஆளுக்குப் போகும் என்றும் சொல்லிவிட்டது. காரா மறுபடியும் பன்னிரண்டாம் வகுப்புக்குப் போனாள்.

வகுப்பறையில் அடுத்த வருடத்துப் பிள்ளைகள் வந்து உட்கார்ந்துவிட்டதால், தொடரும் வகுப்பை உடற்பயிற்சிக் கூடத்தில் வைத்தார்கள். போன வருடப் பாடமே மறுபடி. ஆசிரியர் கேள்வியை முடிப்பதற்குள் வகுப்பு முழுக்க ஒரே குரலில் பதில் சொல்லிற்று. மாநிலத் தேர்வில் ஹார்ன்பெக் முதலிடம் வந்தது. பள்ளி ஹாக்கி அணியில் எல்லோருக்கும் தாடி இருந்தது. எதிரணிப் பிள்ளைகளைச் சுவரோடு ஒட்டவைத்துக் கோப்பை வாங்கினார்கள். இடது முனை ஆட்டக்காரனுக்கு நவம்பரில் கல்யாணம் ஆனது. விருந்து பள்ளி உணவுக்கூடத்தில், பீட்சாத் துண்டும் சாக்லேட் பாலும். கல்வித் துறை ஒரு கேடயம் அனுப்பியது. மாட்ட ஆணி இல்லாததால் அதைச் சுவரில் சாய்த்து வைத்தார்கள்.

வேறு பள்ளிக்கு மாற்றிக்கொள்ளலாமே என்று கேட்பீர்கள். ஹார்ன்பெக்கைக் காப்பாற்றிய வேகத்தில் ஊரின் மற்ற இரண்டு பள்ளிகளையும் மூடியாயிற்று. தனித்தேர்வு எழுதலாமே என்று கேட்பீர்கள். காராவும் அதைத்தான் கேட்டாள்.

"அப்பா, ஏப்ரல்ல தனித்தேர்வு வருது. அத எழுதினாலும் காலேஜ் ஒத்துக்கும். நான் பேசிட்டேன்."

"தனித்தேர்வு எழுதறது யாரு தெரியுமா? படிப்ப விட்டவன், ஜெயிலுக்குப் போனவன்."

"பக்கத்து வீட்டு டயான் அக்கா எழுதினாங்க. இப்ப பல் டாக்டரா இருக்காங்க."

"அவங்க படம் எங்க தொங்குது சொல்லு பாப்போம்."

காரா புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, "சரிப்பா, இந்த வருஷம் உனக்காக இருக்கேன்," என்றாள். பிறகு அவள் அதைப்பற்றிப் பேசவில்லை. இப்படி விட்டுக்கொடுக்கிற பிள்ளைகள் இருக்கிறவரை ஹார்ன்பெக்குக்கு ஒரு குறையும் வராது.

அந்த இலையுதிர்காலத்தில்தான் பெற்றோர்கள் முதியோர் இல்லத்துக்குப் போக ஆரம்பித்தார்கள். யாரும் யாரிடமும் சொல்லவில்லை. ஆளுக்கொரு சட்டியோடு போவார்கள். வாசலில் எதிர்ப்பட்டால், "சும்மா, பாத்துட்டுப் போலாம்னு," என்பார்கள். ரேயும் ஒருநாள் சும்மா போனார். கதவைத் தட்டியதும் உள்ளேயிருந்து குரல் வந்தது.

"சூப்பா, பூவா?"

"சூப், மிஸஸ் க்ரான்."

"கோழிதானே? இந்த ஊர்ல பெத்தவங்க அத்தனை பேருக்கும் ஒரே சமையல்தான் வருமா? வை அங்க. முதல்ல நீ ஒரு கரண்டி குடி."

ரே குடித்தார். அவள் அவருடைய தொண்டை அசைவதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பிறகு கிண்ணத்தை இழுத்துக்கொண்டாள். ஒல்லியான கிழவி, உதட்டில் சிவப்புச் சாயம், மடியில் சீட்டுக்கட்டு.

"எப்படி இருக்கீங்க?" என்றார் ரே.

"இன்னும் நல்லாதான் இருக்கீங்களான்னு கேளு. அதத்தானே கேக்க வந்த. உன் பேரு என்ன?"

"டோம்கோ. பனி வண்டி ஓட்டறேன்."

"எங்க வாசல்ல விடிய முன்னாடி தகரத்த இழுத்துக்கிட்டு ஊரையே எழுப்பறது நீதானா? உக்காரு. சீட்டாடத் தெரியுமா?"

தெரியும். ஆனால் அவள் ஏமாற்றினாள், வெளிப்படையாக, சட்டைக்கைக்குள் சீட்டைச் செருகிக்கொண்டு. ரே அடுத்த வாரமும் போனார். அதற்கடுத்த வாரம் சூப் இல்லாமலே போனார். ஒருநாள் ஆட்டத்துக்கு நடுவில் அவளே பேச்சை எடுத்தாள்.

"சாகறதுக்கு எனக்கு ஒண்ணும் ஆட்சேபணை இல்ல, டோம்கோ. என் புருஷன் போயாச்சு, பசங்க ரெண்டு பேரும் போயாச்சு. ஆனா எதிர்ல உக்காந்து கடிகாரத்தப் பாத்துக்கிட்டிருக்கறவங்களுக்காக எப்படிய்யா சாகறது? கூச்சமா இருக்கு."

ரே கடிகாரத்தைப் பார்க்கவில்லை. ஆனாலும் முகம் சிவந்துபோய், கையிலிருந்த நல்ல சீட்டைக் கீழே போட்டுத் தோற்றார்.

பள்ளியும் சும்மா இருக்கவில்லை. மிஸஸ் க்ரானைக் கௌரவிக்காமல் விட்டது வரலாற்றுப் பிழை என்று பாரம்பரியக் குழு திடீரென்று கண்டுபிடித்தது. அக்டோபர் ஊர்வலத்துக்குத் திறந்த காரில் வரச்சொல்லி அழைத்தார்கள். ஆலங்கட்டியும் ஏரிக்காற்றுமாக அடித்துக்கொண்டிருந்த நாள். மூன்று கம்பளியும் ஒரு சின்ன பிராந்திக் குப்பியுமாக அவள் ஊர்வலம் முழுக்கக் கையசைத்துவிட்டுத் திரும்பினாள். காரில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மிஸ் பெல்விட்தான் நிமோனியா வந்து இரண்டு வாரம் படுத்தார். பிப்ரவரியில் தர்மத்துக்குப் பணம் சேர்க்க ஏரி உறைபனியில் ஓட்டை போட்டுக் குதிக்கிற விழாவைத் தொடங்கிவைக்கச் சொன்னார்கள். இல்லத்து நர்ஸ் மறுத்துவிட்டாள். டாக்டர் ஃப்ராம்டனுக்கு மனது நொந்துபோயிற்று. "ஒரே ஒரு முங்கு. அதற்குக்கூட நம் பழைய மாணவியை நம்பி அனுப்பமாட்டார்கள் என்றால், சமூகத்தில் நம்பிக்கை எங்கே இருக்கிறது?" என்று காலை அறிவிப்பில் கேட்டார்.

அதற்குள் ஒத்திகைகள் ஆரம்பமாகிவிட்டன. புதன்கிழமை மூன்றாவது பிரிவேளையில், அந்த நாள் வரும்போது பள்ளி எப்படித் துக்கம் அனுசரிக்கும் என்று பழகினார்கள். மணிக்கூண்டில் மணி ஒருமுறை அடிக்கும். உடனே ஆயிரத்துச் சொச்சம் பிள்ளைகளும் எழுந்து இரண்டு நிமிடம் மௌனமாக நிற்கவேண்டும். பேசக்கூடாது, அசையக்கூடாது, இருமக்கூடாது. பிறகு பாடகர் குழு இரங்கல் பாட்டுப் பாடும். துக்க ஆலோசகர் ஒருவர் நூலகத்தில் முன்கூட்டியே வந்து உட்கார்ந்து, முன்கூட்டியே ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தார். முதலில் பிள்ளைகள் சிரித்தார்கள். ஐந்தாறு வாரத்தில் மணி அடித்தாலே சிலருக்குக் கண்ணீர் தானாக வந்தது. டாக்டர் ஃப்ராம்டன் அவர்கள் தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார்.

காரா பாடகர் குழுவில் இருந்தாள். ஒருநாள் பாத்திரம் கழுவும்போது தன்னை அறியாமல் அந்தப் பாட்டை முணுமுணுத்து, சட்டென்று குழாயை மூடினாள்.

"அப்பா, அவங்க என்ன பண்றாங்கன்னு உனக்குப் புரியுதா?"

"யாரும் ஒண்ணும் பண்ணலையே. மரியாதை பண்றாங்க."

"மரியாதை பண்ணியே ஒருத்தரக் கொல்றாங்க. நீயும் வாராவாரம் போய் நாடி பாத்துட்டு வர."

"நான் சீட்டாடப் போறேன்," என்றார் ரே. அது உண்மைதான். ஆனாலும் ஒவ்வொரு முறையும் அந்த அறைக்கதவைத் தட்டிவிட்டு, அவள் குரல் வரும்வரை நிற்கிற அந்த ஒரு கணத்தில் தன் மனதில் என்ன ஓடுகிறது என்று அவருக்குத் தெரியும். அதை அவர் மகளிடம் சொல்லவில்லை.

மார்ச்சில் நிறுவனர் நாள். பள்ளியின் மிக மூத்த மாணவர் மணிக்கூண்டு ஏறி மணி அடிப்பது நூறாண்டு வழக்கம் என்று மிஸ் பெல்விட் நினைவுகூர்ந்தார். வேறு யாருக்கும் அப்படி ஒரு வழக்கம் நினைவில்லை. நினைவில்லாதது அதன் பழமைக்குச் சான்று என்றார் அவர். மணிக்கூண்டுக்கு லிஃப்ட் கிடையாது. வைத்தால் குணம் கெடும். மண்டபத்தைச் சுற்றிச் சுற்றி ஏறும் இரும்புப் படிகள்தான்.

நர்ஸ் இந்த முறையும் மறுத்தாள். மிஸஸ் க்ரான் ஒப்புக்கொண்டுவிட்டாள்.

"எனக்குப் பதினாறு வயசுல அந்த மணிய அடிக்கணும்னு ஆசை," என்றாள் ரேயிடம். "பொண்ணுங்க மேல ஏறக்கூடாதுன்னுட்டாங்க. இப்ப அவங்களே கூப்பிடறாங்க, எதுக்குக் கூப்பிடறாங்கன்னும் தெரியும். தெரிஞ்சும் ஆசையா இருக்கு, என்ன பண்றது? நீ கூட வா. நான் ஒரு கிறுக்கி, வீம்புக்கு ஏறிக்கிட்டே இருப்பேன். முடியலன்னு எனக்கே தெரியாது. நீ பாத்துக்க. நீ திரும்புன்னா திரும்பறேன்."

ரே சரி என்றார். வீட்டில் காராவும் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மூச்சு வாங்கினா உடனே கீழ கூட்டிட்டு வந்துடணும். ஒரு படி கூட மேல போகக்கூடாது. சத்தியம் பண்ணுப்பா."

"சத்தியம்," என்றார் ரே. மனதாரத்தான் சொன்னார்.

நிறுவனர் நாளன்று காலை டாக்டர் ஃப்ராம்டன் ரேயைத் தன் அறைக்கு அழைத்து, காப்பி கொடுத்து, கதவைச் சாத்தினார்.

"மிஸ்டர் டோம்கோ, உங்க மேல எந்த நிர்ப்பந்தமும் இல்ல. மெதுவா ஏறுங்க. நமக்கு ஜூன் வரைக்கும் நேரம் இருக்கு. அந்தம்மாவோட உடம்புதான் முக்கியம், நாங்க அத ரொம்ப உன்னிப்பா கவனிச்சுக்கிட்டிருக்கோம். இத மட்டும் பாத்துட்டுப் போங்க."

சுவரோரம் துணி போர்த்தி ஏதோ சாய்த்து வைத்திருந்தது. அவர் துணியை விலக்கினார். புது மரச்சட்டம், வார்னிஷ் வாசனை. முகங்கள் எல்லாம் ஏற்கெனவே உள்ளே இருந்தன. இரண்டாவது வரிசையில் காரா, பதினேழு வயது, படம் எடுப்பதற்கு முன்னால் யாரோ எதையோ சொல்லிச் சிரிக்கவைத்த முகம். அவள் அப்படிச் சிரித்து ரே பார்த்து ரொம்ப நாளாகியிருந்தது. கீழே வருடம் எழுதும் இடம் மட்டும் காலியாக இருந்தது.

"எல்லாம் தயார்," என்றார் டாக்டர் ஃப்ராம்டன். "ஆணி மட்டும்தான்."

மண்டபம் நிறைந்திருந்தது. பெற்றோர்கள் ஒருபக்கம், பிள்ளைகள் ஒருபக்கம், மேடையில் கறுப்பு அங்கி போட்ட பாடகர் குழு. மிஸஸ் க்ரான் நீலத் தொப்பியும் பூட்ஸுமாக வந்தாள். ஒரு கையால் படிக்கம்பியை இறுகப் பிடித்தாள். ரே அவள் முழங்கையைத் தாங்கிக்கொண்டார். முதல் சுற்றில் அவள் பேசிக்கொண்டே ஏறினாள், எந்த வகுப்பில் எந்தப் பையன் தன் பின்னலை இழுத்தான் என்று. இரண்டாவது சுற்றில் பேச்சு நின்றது. கீழே ஆயிரம் முகங்களும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தன. யாரும் இருமவில்லை, நன்றாகப் பழகியிருந்தார்கள்.

மூன்றாவது சுற்றின் திருப்பத்தில் அவள் நின்றாள். கம்பியைப் பிடித்த விரல்கள் வெளுத்திருந்தன. உதட்டுச் சாயத்துக்குக் கீழே உதடு நீலமாக இருந்தது. மூச்சு விசில்போல வந்தது.

"டோம்கோ," என்றாள். "நீ சொல்லு. திரும்பிடலாமா?"

ரே கீழே பார்த்தார். டாக்டர் ஃப்ராம்டன் கைகளைக் கோத்துக்கொண்டு, மேலே பார்த்து இதமாகப் புன்னகைத்துக்கொண்டிருந்தார். பெற்றோர்கள் மேலே பார்த்தார்கள். அத்தனை கறுப்பு அங்கிகளில் காராவைக் கண்டுபிடிக்க அவருக்கு நேரமே ஆகவில்லை. அவள் தலையை ஆட்டினாள். வேண்டாம் என்று, மெதுவாக, ஒருமுறை. பிறகு இன்னொருமுறை.

அந்த வார்னிஷ் வாசனை ரேயின் மூக்கிலேயே இருந்தது.

"இன்னும் கொஞ்சம்தான், மிஸஸ் க்ரான்," என்றார் ரே. "வந்துட்டோம்."

அவள் அவரை ஏறிட்டுப் பார்த்தாள். கோபமாக இல்லை, ஆட்டத்தில் எதிராளியின் கையில் என்ன சீட்டு இருக்கிறது என்று தெரிந்துவிட்டால் பார்ப்பாளே, அப்படி. பிறகு அவர் கையைத் தட்டிக்கொடுத்துவிட்டு, பூட்ஸை அடுத்த படியில் வைத்தாள்.

ஒவ்வொரு படிக்கும் நின்று நின்று ஏறினார்கள். மணியறை எலும்பை உறையவைக்கிற குளிராக இருந்தது. மிஸஸ் க்ரான் சுவரில் சாய்ந்து, கண்ணை மூடி, ரொம்ப நேரம் மூச்சு வாங்கினாள். ரே அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். மெல்ல மெல்ல விசில் அடங்கியது. உதட்டுக்கு நிறம் வந்தது. அவள் கண்ணைத் திறந்து, தொப்பியைச் சரிசெய்துகொண்டு, கயிற்றை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள். மணி ஒருமுறை அடித்தது. அவள் சிரித்தாள், பதினாறு வயதுப் பெண் மாதிரி, பல்லெல்லாம் தெரிய.

கீழே மணிச் சத்தம் கேட்டதும் ஆயிரத்துச் சொச்சம் பிள்ளைகளும் ஒரே அசைவில் எழுந்து தலை குனிந்தார்கள். யாரும் சொல்லவில்லை. பெற்றோர்களும் எழுந்தார்கள். சிலர் அழ ஆரம்பித்தார்கள். இது அந்த மணி இல்லை, இன்றைக்கு நிறுவனர் நாள் என்று சொல்ல வாயெடுத்த டாக்டர் ஃப்ராம்டனும், மௌனத்தில் பேசக்கூடாது என்று தானே போட்ட விதி நினைவுக்கு வந்து, வாயை மூடித் தலை குனிந்துகொண்டார்.

அந்த மௌனத்தில் ஒரு ஜோடிக் காலடி மட்டும் கேட்டது. காரா மேடையிலிருந்து இறங்கினாள். கறுப்பு அங்கியைக் கழற்றி நாற்காலியில் போட்டாள். வரிசைகளுக்கு நடுவே நடந்து, கிழக்கு நடைக்கூடத்தைத் தாண்டி, முன்வாசலுக்குப் போனாள். அவளை யாரும் தடுக்கவில்லை. இரண்டு நிமிடத்துக்கு யாரும் அசையக்கூடாது. மிஸ் பெல்விட் கண்ணை மட்டும் உருட்டிப் பார்த்தார். பெரிய கதவு திறந்தது, சாத்திக்கொண்டது.

மணியறைச் சன்னலிலிருந்து தெரு முழுக்கத் தெரிந்தது. காலையில் ரே வாரிவிட்ட தெருதான். அதற்குள் புதுப்பனி விழுந்து மூடியிருந்தது. மிஸஸ் க்ரான் கண்ணாடியில் மூச்சு படிந்ததைக் கையுறையால் துடைத்துவிட்டு எட்டிப் பார்த்தாள்.

"யாருது, கோட்டு கூட இல்லாம போறது?"

"என் பொண்ணு."

"எங்க போறா?"

ரேயும் கண்ணாடியருகே வந்து நின்றார். பேருந்து நிறுத்தத்தில் காரா நின்றாள். பேருந்து வந்தது. அவள் ஏறும்வரை ஒருமுறைகூட மணிக்கூண்டைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"நான் அங்க நின்னு கேட்டப்ப," என்றாள் மிஸஸ் க்ரான், "அவ பாத்துக்கிட்டிருந்தாளா?"

"பாத்துக்கிட்டுதான் இருந்தா," என்றார் ரே.